ஹிப்னாசிஸ் எதற்கு உதவும், எதற்கு உதவாது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அக்காவுக்கு நான்கு வருடமாக ஐ.பி.எஸ். என்கிற குடல் தொல்லை. மாத்திரை, பத்தியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது குடல் டாக்டர் ‘ஹிப்னோதெரபி முயற்சி செய்து பாருங்களேன்’ என்கிறார். அம்மாவோ ‘வசியம் பண்றவங்ககிட்ட எல்லாம் போகக் கூடாது’ என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். இதில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, மனநல சிகிச்சையில் இது எதற்கெல்லாம் பயன்படுகிறது, அக்கா தன்னிலை இழந்து எதையாவது உளறிவிடுவாரா என்பதுதான் கேள்வி.

டாக்டர் சொன்னது சரி. அம்மாவின் பயத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஹிப்னாசிஸுக்கு நல்ல ஆதாரம் உள்ள சில இடங்களில் ஐ.பி.எஸ். ஒன்று. ஆனால் ‘ஹிப்னாடிசம்’ என்று போர்டு மாட்டி விற்கப்படும் பலவற்றுக்கும் அந்த ஆதாரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு விஷயம் புரிந்தால் போதும்: ஹிப்னாசிஸ் என்பது அதைச் செய்கிறவரின் சக்தி இல்லை, அதற்கு உட்படுகிறவரின் திறமை. வரலாற்றில் இதற்கு வந்த கெட்ட பெயரில் பெரும்பகுதி, இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்களால் வந்தது.

என்ன செய்வார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கடிகாரத்தை ஆட்டுவது, கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பது எல்லாம் சினிமாவோடு சரி. நிஜத்தில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு குரல், அவ்வளவுதான். கூரையில் ஏதாவது ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். கண் களைத்துத் தானாக மூடும். மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள். மெதுவாகப் படி இறங்குவதாக நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பத்து நிமிடம் போனால் வெளிச்சத்தம் எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். ஆட்டோ ஹாரன் காதில் விழும், ஆனால் பொருட்படுத்தத் தோன்றாது. இது தூக்கம் இல்லை. மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தால் தூங்குகிறவரின் அலைகள் வருவதில்லை. கவனம் ஓரிடத்தில் குவிகிறது, சுற்றுப்புறம் மங்குகிறது, சொல்லப்படும் சஜஷனுக்கு, அதாவது ‘இப்படி நடக்கிறது, இப்படி உணர்கிறீர்கள்’ என்ற யோசனைக்கு, உடம்பும் மனசும் வழக்கத்தைவிடச் சுலபமாக இணங்குகின்றன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஹிப்னாசிஸ் பிரிவு 2014-ல் கொடுத்த வரையறையின் சாரமும் ஏறக்குறைய இதுதான்.

இந்த இணக்கம் எல்லோருக்கும் ஒரே அளவில் வராது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹோஃபரும் ஹில்கார்டும் 1959-லிருந்து இதை அளக்க அளவுகோல்கள் உருவாக்கினார்கள். அவற்றில் இன்றும் அதிகம் மேற்கோள் காட்டப்படுவதில் 12 சோதனைகள். நீட்டிய கையில் கனமான ஒன்று இருப்பதாகச் சொன்னால் கை தானாக இறங்குகிறதா? கொசு ஒன்று சுற்றுகிறது என்றால் கை அதை விரட்டப் போகிறதா? ‘உங்களுக்கு இனி வாசனை தெரியாது’ என்று சொல்லிவிட்டு அமோனியாக் குப்பியை மூக்கருகே நீட்டினால் முகம் சுளிக்காமல் இருக்கிறாரா? முதல் சோதனையில் பெரும்பாலானவர்கள் தேறிவிடுவார்கள். அமோனியாவில் மிகச் சிலர்தான். மொத்தத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு இந்தத் திறமை மிக அதிகம், ஏறக்குறைய அதே அளவு பேருக்கு எதுவுமே நடப்பதில்லை, மற்றவர்கள் நடுவில். ஒரே ஆட்களை 25 வருடம் கழித்துத் திரும்பச் சோதித்தபோதும் மதிப்பெண் பெரிதாக மாறவில்லை. சுலபமாக ஏமாறுகிறவர்களுக்குத்தான் இது வரும் என்பது தப்பு. கதையில் மூழ்கினால் பக்கத்தில் கூப்பிடுவது காதில் விழாத ரகம் சிலர் உண்டே, அந்தக் குணத்தோடுதான் லேசான தொடர்பு தெரிகிறது.

ஆகவே ‘பவர்ஃபுல் ஹிப்னாடிஸ்ட்’ என்று யாராவது தன்னைச் சொல்லிக்கொண்டால் அங்கேயே சந்தேகப்படலாம்.

இந்தச் சந்தேகத்துக்கு வயது இருநூறுக்கு மேல். மெஸ்மரிசம் என்ற சொல்லுக்குக் காரணமான ஃபிரான்ஸ் மெஸ்மர் 1778-ல் வியன்னாவிலிருந்து பாரிஸுக்கு வந்து, தன் உடலிலிருந்து ஒரு காந்த சக்தி பாய்ந்து நோய் தீர்கிறது என்றார். கூட்டம் அலைமோதியது. 1784-ல் பதினாறாம் லூயி மன்னர் விசாரணைக் குழு போட்டார்; பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லவாஸியேவும் அதில் இருந்தார்கள். ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்கு மெஸ்மரின் சீடர் ‘காந்தம் ஏற்றினார்’. பிறகு பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனின் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடிக்க வைத்தார்கள். அவன் நான்காவது மரத்தில் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரம் அது இல்லை! சக்தி எதுவும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு எழுதிவிட்டுப் போனது. எனக்கு இதில் ஒரு குறை உண்டு. வெறும் கற்பனை ஒரு பையனை மயங்கி விழ வைக்கும் என்றால், ஆராய வேண்டியதே அந்தக் கற்பனையைத்தானே?

அதைச் சொன்னவர் நம் பக்கத்து ஆள். கோவாவில் காண்டோலிம் ஊரில் 1756-ல் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா, 1813-ல் பாரிஸில் கூட்டம் போட்டுச் செய்து காட்டினார். என்னிடமிருந்து எதுவும் வெளியே போவதில்லை, நடப்பதெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனதிலிருந்து வருகிறது என்பது அவர் வாதம். இன்றைய ஆய்வாளர் சொல்வதும் அடிப்படையில் அதுதான். பணஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. கீழே சாய்ந்து கிடக்கும் பெண்ணின் மேல் இரண்டு கையையும் விரித்து, ஏதோ சக்தியைப் பாய்ச்சுகிறவர் போல நிற்கிறார். வாழ்நாள் முழுக்க எதை மறுத்தாரோ அந்தக் கோலத்திலேயே வெண்கலமாக்கிவிட்டார்கள்.

அடுத்த கட்டமும் இந்தியாவில்தான் நடந்தது. ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் வங்காளத்தின் ஹூக்ளியில் வேலை பார்த்தார். மெஸ்மரிசத்தைப் பற்றிப் படித்திருந்தாரே தவிர, யாரும் அதைச் செய்து அவர் பார்த்ததில்லை. 1845 ஏப்ரலில் விரைவீக்கத்துக்குச் சிகிச்சை பெற்று வலியில் துடித்துக்கொண்டிருந்த ஒரு கைதியிடம் முதன்முறையாக முயன்றார். முகத்தின் மேலும் வயிற்றின் மேலும் தொடாமல் கையை மேலிருந்து கீழே கொண்டுபோவது, தலையில் மெதுவாக மூச்சு விடுவது, இதையே மணிக்கணக்காகச் செய்தார். ஆள் அசையாமல் கிடந்தார். ஊசி குத்தியதும் தெரியவில்லை. ஊர் நீதிபதியையும் கலெக்டரையும் அழைத்துச் சாட்சி வைத்துக்கொண்டார். அப்புறம் அறுவை சிகிச்சைகள் வரிசையாக நடந்தன. யானைக்கால் நோயால் விதைப்பையில் வளர்ந்த பிரம்மாண்டமான கட்டிகளை அறுத்து எடுத்ததுதான் அவற்றில் பெயர் போனது. மணிக்கணக்காகக் கையை ஆட்டி அவருக்கே அலுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த வங்காள இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அவர்களிடம் அந்த வேலையை விட்டார். அவர்கள் செய்ததும் அதே மாதிரி பலித்தது. சக்தி எஸ்டெய்லிடம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் வேண்டாம், ஆனால் அவர் கடைசிவரை ஏதோ ஒரு திரவம் பாய்வதாகத்தான் நம்பினார்.

1846-ல் அரசு ஒரு குழு அமைத்துச் சோதித்தது. அறுவையின்போது சிலரின் உடம்பு நெளிந்தது, முகம் கோணியது. விழித்த பிறகு கேட்டால் வலியே தெரியவில்லை என்றார்கள். துரை முன்னால் வேறு என்ன சொல்வார்கள் என்று அப்போதே சிலர் கேட்டார்கள். ஏழைகள், கைதிகள், வெள்ளைக்கார டாக்டர் என்ற சூழலில் அது ஒதுக்கித் தள்ள முடியாத கேள்வி. இருந்தாலும் மயக்க மருந்தே இல்லாத காலத்தில் அந்த அளவு அறுவையைத் தாங்கியதை வெறும் பணிவு என்று முடித்துவிட முடியாது. கல்கத்தாவில் மெஸ்மரிச மருத்துவமனை ஒன்றும் திறந்தார்கள். ஆனால் அதே 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து அறுவை செய்து காட்டிவிட்டார்கள். மறு வருடமே குளோரோஃபார்மும் வந்தது. சில நிமிடத்தில், யாருக்குக் கொடுத்தாலும் வேலை செய்யும் மருந்து வந்த பிறகு, சிலருக்கு மட்டும் பலிக்கும், மணிக்கணக்காகும் முறையை யார் தேடுவார்? எஸ்டெய்ல் 1851-ல் ஊருக்குக் கிளம்பிப் போனார்.

ஹிப்னாசிஸ் என்ற பெயரைப் பரப்பியது மான்செஸ்டரில் இருந்த ஜேம்ஸ் பிரெய்டு, 1840-களில். பிறகு ஃபிராய்டு பாரிஸிலும் நான்ஸியிலும் போய்ப் பார்த்துக் கற்று, கொஞ்ச காலம் செய்து, கைவிட்டார். அவர் விட்டதால் உளவியலும் பல பத்தாண்டுகள் இதை ஓரங்கட்டியது. 1955-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமும் 1958-ல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் மருத்துவத்தில் இதற்கு இடம் உண்டு என்று ஒப்புக்கொண்டன.

வலி குறைந்ததாகச் சொல்கிறார்களே, நடிப்பு இல்லை என்று எப்படித் தெரியும்? 1997-ல் மான்ட்ரியலில் பியர் ரென்வில் குழு செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 47 டிகிரி சுடு தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள். ஹிப்னாசிஸில் இருந்தவர்களிடம் வலியின் ‘அளவு’ பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது எவ்வளவு தொந்தரவாக இருக்கிறது என்பதை மட்டும் கூட்டியும் குறைத்தும் சஜஷன் கொடுத்தார்கள். ஸ்கேனில் பார்த்தால், சூடு எங்கே எவ்வளவு என்று பதிவு செய்யும் மூளைப் பகுதி அப்படியே இருந்தது. வலியின் துன்பத்தோடு சம்பந்தப்பட்ட முன் சிங்குலேட் பகுதி மட்டும் சஜஷனுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. ‘வலி இருக்கு, ஆனா என்னைப் படுத்தலை’ என்று சிகிச்சைக்கு வருகிறவர்கள் சொல்வது இதைத்தான். இது தனியான ஒரு மயக்கநிலையா, எதிர்பார்ப்பும் கற்பனையும் சேர்ந்த விளைவா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நோயாளிக்கு அந்தச் சண்டையால் லாபமோ நஷ்டமோ இல்லை.

ஹிப்னாசிஸ் இல்லாமலேயே வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. பிரசவத்துக்கு முன் முதுகில் மரத்துப்போகும் ஊசி போடும்போது 140 பெண்களில் ஒரு பகுதியினரிடம் ‘பெரிய தேனீ கொட்டுகிற மாதிரி இருக்கும், இதுதான் ரொம்ப வலிக்கும்’ என்றார்கள். மற்றவர்களிடம் ‘இந்த இடம் மரத்துப்போகும், சௌகரியமாக இருக்கும்’ என்றார்கள். ஒரே ஊசிதான். முதல் குழு அதிக வலியைச் சொன்னது. நம் நர்ஸ் அக்காமார்களின் ‘எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்’ எவ்வளவோ தேவலை.

சரி, உங்கள் அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். ஐ.பி.எஸ்.-ல் எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் நார்மல் என்று வரும். வயிற்று வலியும் உப்புசமும் பேதியும் மலச்சிக்கலும் மட்டும் விடாது. குடலிலிருந்து மூளைக்கு வரும் செய்திகள், வால்யூம் கூடிப்போன ரேடியோ மாதிரி, சாதாரண வாயுவையும் வலியாக ஒலிபரப்புகின்றன. பதற்றம் அந்த வால்யூமை இன்னும் ஏற்றும். வலி பதற்றத்தை ஏற்றும். நோய் மனதில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அக்கா கோபப்படுவது நியாயம். குடலுக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கிற இணைப்பில்தான் கோளாறு.

மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் 1984-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார். எந்த மருந்துக்கும் அடங்காத கடுமையான ஐ.பி.எஸ். உள்ள 30 பேர். பாதிப் பேருக்கு ஹிப்னோதெரபி, மீதிப் பேருக்குப் பேச்சு சிகிச்சையும் போலி மாத்திரையும். ஹிப்னோதெரபி பெற்றவர்களின் முன்னேற்றம் எல்லாவற்றிலும் மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகம். சின்னச் சோதனைதான், ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அங்கேயே ஒரு தனிப் பிரிவு உருவாகி, 2015-ல் 1,000 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டபோது 76 சதவீதம் பேருக்கு நல்ல குணம் தெரிந்திருந்தது. பலன் பெற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது வருடக்கணக்கில் நீடித்ததை இன்னொரு ஆய்வில் காட்டியிருந்தார்கள்.

ஒரு சிறப்பு மையத்தின் முடிவை அப்படியே எல்லா ஊருக்கும் எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் 354 பேரை வைத்து 2019-ல் வந்த ஆய்வில், மூன்று மாதத்தில் போதுமான நிவாரணம் கிடைத்தது தனியாக ஹிப்னோதெரபி பெற்றவர்களில் 41 சதவீதம், குழுவாகப் பெற்றவர்களில் 33 சதவீதம், வெறும் ஆலோசனை பெற்றவர்களில் 17 சதவீதம். என் மதிப்பில் நிஜ உலகத்துக்கு நெருக்கமான எண்கள் இவைதான். பாதிக்கு மேல் ஆட்களுக்குப் போதவில்லை என்பதையும் இது சொல்கிறது, சும்மா இருப்பதைவிட இரண்டு மடங்கு என்பதையும் சொல்கிறது. பத்தியம் பார்த்து அலுத்துப்போனவர்களுக்கு இன்னொரு செய்தி: ஆஸ்திரேலியாவில் 2016-ல் ஹிப்னோதெரபியையும், குடலில் புளித்து வாயு உண்டாக்கும் உணவுகளைத் தவிர்க்கும் ஃபாட்மேப் பத்தியத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது இரண்டிலும் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். வெங்காயம், பூண்டு, பருப்பு எல்லாம் தள்ளி வைத்து நம் வீட்டுச் சமையல் செய்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உள்ளே என்ன நடக்கும் என்றால், முதல் தடவை பெரும்பாலும் பேச்சுதான். குடல் எப்படி வேலை செய்கிறது, அவருக்கு எப்போது அதிகமாகிறது என்றெல்லாம். அடுத்த தடவையிலிருந்து கண் மூடித் தளர்ந்த பிறகு, கையை வயிற்றின் மேல் வைக்கச் சொல்வார்கள். உள்ளங்கையில் ஒரு கதகதப்பு தோன்றி, அது தோலுக்குள் இறங்கி, குடலில் பரவுவதாக உணரச் சொல்வார்கள். இன்னொரு உத்தியில் ஓர் ஆற்றைக் கற்பனை செய்யச் சொல்வார்கள். பேதி உள்ளவருக்கு வெள்ளமாகப் பாய்கிற ஆறு மெல்ல நிதானமாவதாக; மலச்சிக்கல் உள்ளவருக்குத் தேங்கிக் கிடப்பது ஒழுகி ஓட ஆரம்பிப்பதாக. ஆறு பிடிக்கவில்லை என்றால் வேறு எதுவும் இருக்கலாம். அவர் மனதில் சுலபமாக வருவது எதுவோ அதுதான் வேலை செய்யும். வழக்கமாக வாரம் ஒன்று, ஏழிலிருந்து பன்னிரண்டு தடவை. ஒலிப்பதிவு ஒன்று கொடுத்து வீட்டில் தினமும் கேட்கச் சொல்வார்கள். பலரும் கோட்டை விடுவது இந்த வீட்டுப் பயிற்சியில்தான். சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008 வழிகாட்டுதலில், மருந்து கொடுத்து 12 மாதம் ஆகியும் கேட்காத ஐ.பி.எஸ்.-க்கு இதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. நான்கு வருடமாகக் கஷ்டப்படும் உங்கள் அக்கா அந்தக் கணக்கில் எப்போதோ வந்துவிட்டார்.

குழந்தைகளுக்கு இது இன்னும் நன்றாக வரும். காரணமில்லாத வயிற்று வலி உள்ள 53 பிள்ளைகளை வைத்து நெதர்லாந்தில் 2007-ல் வந்த ஆய்வில், ஒரு வருடம் கழித்து ஹிப்னோதெரபி பெற்றவர்களில் 85 சதவீதம் பேருக்கு வலி போய்விட்டிருந்தது. வழக்கமான சிகிச்சையில் 25 சதவீதம். கற்பனையில் இறங்குவதற்குப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அறுவை சிகிச்சையைச் சுற்றித்தான் அடுத்த வலுவான ஆதாரம். நியூயார்க்கில் மார்பக அறுவைக்கு வந்த 200 பெண்களில் பாதிப் பேருக்கு அறுவைக்கு முன் 15 நிமிட ஹிப்னாசிஸ் கொடுத்தார்கள். அவர்களுக்கு மயக்க மருந்து குறைவாகத் தேவைப்பட்டது; வலி, குமட்டல், களைப்பு எல்லாம் குறைந்தது; ஆளுக்கு 772 டாலர் மிச்சமானதாக 2007-ல் கணக்குக் காட்டினார்கள். பெல்ஜியத்தின் லியேஜ் மருத்துவமனையில் 1992-லிருந்து, முழு மயக்கத்துக்குப் பதிலாக அறுக்கும் இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் ஊசியோடு ஹிப்னாசிஸையும் சேர்த்துத் தைராய்டு அறுவைகூடச் செய்கிறார்கள். எஸ்டெய்லின் வேலை ஒரு வழியாக வேறு வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறது, மருந்துக்குப் போட்டியாக இல்லாமல் துணையாக. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் குப்பென்று உடம்பு கொதிக்குமே, அதற்கும் அமெரிக்காவில் 187 பெண்களை வைத்து நடந்த சோதனையில் கொதிப்பு 74 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 17. பிள்ளைகளுக்கு ஊசி போடும்போது, தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது, பல் பிடுங்கும்போது எல்லாம் பயன்படுத்துகிறார்கள்.

மனநலப் பிரச்சினைகளில் நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. பரீட்சை பயம், ஊசி பயம், விமானப் பயம், மேடைப் பதற்றம் போன்றவற்றில் உதவுகிறது. ஆனால் தனியாக இல்லாமல், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சி.பி.டி. சிகிச்சையோடு சேரும்போதுதான் அதிகம் உதவுகிறது. பயப்படும் விஷயத்தைக் கண்மூடிய நிலையில் படிப்படியாகச் சந்தித்துப் பழகுவது, பிறகு நிஜத்தில் சந்திப்பது என்று போகும். மனச்சோர்வுக்கு இதை முதல் சிகிச்சையாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதற்கு இதைவிட உறுதியான வழிகள் இருக்கின்றன. இல்லாத குரல் கேட்கிறது, யாரோ தன்னைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்ற நிலையில் இருப்பவருக்கு இது வேண்டவே வேண்டாம், மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். ‘ஒரே சிட்டிங்கில் சிகரெட்டை நிறுத்தலாம்’ என்கிற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-ல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, மற்ற முறைகளைவிட இது மேல் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது.

இனி அம்மாவின் பயத்தில் நியாயமான பகுதி. ஹிப்னாசிஸை வைத்து நினைவைத் தோண்டுவதுதான் இதில் உண்மையான ஆபத்து. 1983-ல் மான்ட்ரியலில் லாரன்ஸும் பெர்ரியும், ஹிப்னாசிஸ் திறமை அதிகமுள்ள 27 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கடந்த வாரம் ஏதோ ஒரு இரவைத் திரும்ப வாழவைத்து, நடுவில் ‘ஏதோ பெரிய சத்தம் கேட்டு எழுந்தீர்களா?’ என்று ஒரு வார்த்தை போட்டார்கள். பிறகு சாதாரணமாக இருக்கும்போது கேட்டால் 13 பேர் அந்தச் சத்தத்தை நிஜமாகவே கேட்டதாகச் சொன்னார்கள். அது நாங்கள் சொன்ன சஜஷன் என்று விளக்கிய பிறகும் சிலர் விடவில்லை. ஹிப்னாசிஸில் நினைவுகள் கூடுதலாக வரும். சரியும் வரும், தப்பும் வரும். இரண்டின் மேலும் நம்பிக்கை மட்டும் ஒரே மாதிரி ஏறிவிடும். இதனால்தான் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1982-ல், ஹிப்னாசிஸுக்குப் பின் கிடைத்த சாட்சியத்தை ஏற்க மறுத்தது.

நம் ஊரில் இதே வியாபாரம் முன்ஜென்மம் என்ற பெயரில் நடக்கிறது. இதன் ஆதிக்கதை 1952-ல் அமெரிக்காவின் கொலராடோவில் நடந்தது. ஒரு வியாபாரி, தெரிந்த பெண்ணை ஹிப்னாசிஸில் வயதில் பின்னால் பின்னால் கொண்டுபோய், பிறப்புக்கு முன்னும் போகச் சொன்னார். அவர் ஐரிஷ் உச்சரிப்பில், தான் 1798-ல் அயர்லாந்தில் பிறந்த பிரைடி மர்ஃபி என்று பேச ஆரம்பித்தார். நாடே அல்லோலகல்லோலப்பட்டது. அயர்லாந்தில் தேடியவர்களுக்கு அப்படி ஒருத்தி வாழ்ந்ததற்குப் பதிவு கிடைக்கவில்லை. அந்தப் பெண் சிறுமியாக வளர்ந்த சிகாகோ வீட்டுக்கு எதிரே, அயர்லாந்துக்காரப் பெண்மணி ஒருவர் குடியிருந்ததாகவும், திருமணத்துக்கு முன் அவர் பெயரும் பிரைடி மர்ஃபி என்றும் ஒரு பத்திரிகை கண்டுபிடித்துப் போட்டது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. கேட்டு மறந்தவை கதையாகக் கோத்து வந்தன. முன்ஜென்மத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஹிப்னாசிஸில் வருவதை அதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதைவிட மோசம், ‘சின்ன வயதில் உங்களுக்கு ஏதோ நடந்திருக்கிறது, கண்டுபிடிக்கலாம்’ என்று ஆரம்பிப்பவர்கள். அதில் உடைந்த குடும்பங்கள் உண்டு. அக்கா போகிற இடத்தில் இந்தப் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

தன்னிலை இழந்துவிடுவாரா? மாட்டார். என்ன நடக்கிறது என்று தெரியும், பிடிக்காவிட்டால் கண்ணைத் திறந்து நிறுத்தலாம், ரகசியத்தைச் சொல்லாமல் இருக்கலாம், பொய்கூடச் சொல்லலாம். எழுப்ப முடியாமல் போவது என்றும் ஒன்று இல்லை. பேசுகிறவர் பாதியில் எழுந்து போய்விட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாகத் தெளிந்துவிடும். மேடையில் வெங்காயத்தை ஆப்பிளாகக் கடிக்கிறார்களே என்றால், அங்கே முதலில் கூட்டத்தில் யார் நன்றாக இணங்குகிறார்கள் என்று சலித்து எடுக்கிறார்கள், அவர்களும் விரும்பித்தான் மேடையேறுகிறார்கள். ஆனால் நிம்மதியாக விட்டுவிடவும் முடியாது. 1965-ல் ஓர்னும் எவான்ஸும் செய்த சோதனையில், ஹிப்னாசிஸில் இருந்தவர்கள் சொன்னபடி விஷப்பாம்பைப் பிடிக்கப் போனார்கள், ஒருவர் முகத்தில் அமிலத்தை வீசவும் செய்தார்கள் (யாருக்கும் அடிபடாதபடி மறைவாக ஏற்பாடு இருந்தது). சுவாரசியம் என்னவென்றால், ஹிப்னாசிஸே செய்யாமல் அதில் இருப்பதாக நடிக்கச் சொல்லப்பட்டவர்களும் அதையேதான் செய்தார்கள். இது ஆய்வுக்கூடம், ஆபத்தாக எதையும் செய்ய விடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஆகவே கவலைப்பட வேண்டியது மயக்கநிலையைப் பற்றி இல்லை. மூடிய அறையில் நீங்கள் நம்பி உட்காரும் மனிதர் யார் என்பதைப் பற்றித்தான்.

இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகம் 2003-ல், ஹிப்னோதெரபியை ஒரு சிகிச்சை முறையாகப் பதிவு பெற்ற மருத்துவர்களோ உரிய பயிற்சி உள்ளவர்களோ செய்யலாம் என்று சொன்னது. அந்த ‘உரிய பயிற்சி’ என்ற இடத்தில்தான் வார இறுதிச் சான்றிதழ்கள் எல்லாம் நுழைந்துவிட்டன. நான் பார்க்கும் அளவுகோல் எளிமையானது: ஒருவர் ஹிப்னாசிஸ் இல்லாமல் எந்த நோய்க்குச் சிகிச்சை கொடுக்கத் தகுதி உள்ளவரோ, அதற்கு மட்டும்தான் ஹிப்னாசிஸோடும் கொடுக்க வேண்டும். மனநல மருத்துவராகவோ, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு உள்ள மருத்துவ உளவியலாளராகவோ இருப்பவரிடம் போங்கள். பதிவு எண்ணைக் கேட்கலாம், தப்பே இல்லை. ஐ.பி.எஸ்.-க்கு இதற்கு முன் செய்திருக்கிறாரா, எத்தனை தடவை வரவேண்டும், பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவார் என்று கேளுங்கள். உத்தரவாதம் கொடுத்தால் வேண்டாம். முதல் நாள் அம்மாவையும் கூட்டிப்போய் அறையில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மறுப்பவரிடம் காரணத்தைக் கேளுங்கள்.

போவதற்கு முன் டாக்டரிடம் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள்: மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வலி, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இவற்றில் எதுவும் இல்லைதானே என்று. இருந்தால் அதைப் பார்த்து முடித்த பிறகுதான் இது. நடக்கும் மாத்திரைகளைத் தானாக நிறுத்த வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது, பயப்பட வேண்டாம். பன்னிரண்டு தடவையும் வீட்டுப் பயிற்சியும் ஒழுங்காக முடிந்தும் மாற்றமே இல்லை என்றால் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு ஹிப்னாசிஸில் எதுவுமே நடப்பதில்லை என்றேனே, அக்கா அவர்களில் ஒருவராக இருக்கலாம், அப்போது சி.பி.டி. பற்றி டாக்டரிடம் கேளுங்கள், அதுவும் இதே குடல்-மூளை இணைப்பில்தான் கை வைக்கிறது.